பெல்ட்டை மாற்றுமுன் கிராங்க் புல்லியைப் பாருங்கள்

கொரோலா 100, 110, ஹொண்டா சிவிக், நிசான் சன்னி, லான்சர் என்று பழைய நான்கு சிலிண்டர் கார்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இவற்றில் பழுதாகியும் பழி ஏற்காத பாகம் ஒன்று உண்டு. என்ஜினின் ஓரத்தில், முன் சில்லுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் மறைப்புக்குப் பின்னால் சுழலும் கிராங்க் புல்லிதான் அது. அது கெட்டுப்போனால் பெல்ட் கத்துகிறது, பெல்ட்டை மாற்றுகிறார்கள். என்ஜின் அதிர்கிறது, மவுண்டிங்கை மாற்றுகிறார்கள். அடியில் தட்டுகிறது; பெயரிங் போய்விட்டது என்று என்ஜினையே பிரித்துவிடுகிறார்கள். உழைத்துச் சேர்த்த பணம் இப்படி வீணாவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அதன் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான கார்களில் இந்தப் புல்லி ஒரே இரும்புத் துண்டு அல்ல. நடுவில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டில் ஏறி நிற்கும் குடம், அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், அதற்கு வெளியே பெல்ட் ஓடும் பாரமான இரும்பு வளையம் என்று மூன்று அடுக்கு. நான்கு சிலிண்டர் என்ஜினில் கிராங்க் ஒரு தடவை சுற்றுவதற்குள் இரண்டு சிலிண்டர்கள் வெடிக்கும். ஒவ்வொரு வெடிப்பும் ஷாஃப்ட்டைச் சற்று முறுக்கி விடுகிறது. அந்த முறுக்கு அதிர்வை வாங்கி அடக்குவதுதான் ரப்பரின் வேலை. சில சிறிய என்ஜின்களில் ரப்பர் இல்லாத ஒரே வார்ப்புப் புல்லி இருக்கும். உங்கள் காரில் அப்படியென்றால் கீழே ரப்பரைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டு போல்ட், சாவி (புல்லி ஷாஃப்ட்டில் வழுக்காமல் பூட்டும் சிறு இரும்புத் துண்டு), கசிவு பற்றிய பகுதிகளை மட்டும் வாசியுங்கள்.

ரப்பரைக் கொல்வது வெப்பமும் ஓயிலும் வயதும். இருபது, முப்பது வருடம் ஓடிய காரில் அது வெடித்தோ பிதுங்கியோ இரும்பிலிருந்து விட்டோ இருந்தால் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. உப்புக்காற்று குடத்தையும் ஷாஃப்ட்டையும் துருவால் ஒட்டவைத்துவிடும். அது கழற்றும் நாளில்தான் தெரியவரும்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, புல்லியின் முகத்தைத் துணியால் துடையுங்கள். குடம், ரப்பர், வெளி வளையம் மூன்றையும் குறுக்கே வெட்டுகிற மாதிரி ஒரே நேர்கோடு போடுங்கள். எழுத்துப்பிழை அழிக்கும் வெள்ளைப் பேனா போதும். பிறகு சில நாட்கள் வழக்கம்போல ஓட்டுங்கள். ஏசி போட்டும் ஓட்டுங்கள், ஏனென்றால் சுமை ஏறும்போதுதான் வளையம் வழுக்கும். திரும்பப் பார்க்கும்போது கோடு நேராக இருந்தால் வளையம் நகரவில்லை. ரப்பருக்கு இரு பக்கத்திலும் கோடு விலகி நின்றால் அந்தப் புல்லி முடிந்தது; வேறு சான்று தேவையில்லை.

இதோடு என்ஜின் மெதுவாக ஓடும்போது, எட்டி நின்று, ரோச் வெளிச்சத்தில் புல்லியின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பு உள்ளும் வெளியுமாக ஆடினால் ரப்பர் ஒரு பக்கம் விட்டிருக்கலாம், அல்லது நடு போல்ட் தளர்ந்திருக்கலாம். போல்ட் தளர்வு என்றால் அந்தக் காரை ஒரு மைல்கூட ஓட்டாதீர்கள். தளர்ந்த புல்லி ஷாஃப்ட்டில் உள்ள சாவிப்பள்ளத்தை அகலமாக்கும். பள்ளம் அகன்றுவிட்டால் புதிய புல்லியாலும் அதைத் திருத்த முடியாது.

பெல்ட் கத்தினால்

மார்கழி மழையில், தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்த கார் சிறிது நேரம் கத்துவது நோய் அல்ல. காய்ந்ததும் நிற்கும். காய்ந்த பின்னும் கத்தினால் என்ஜின் ஓடும்போது பெல்ட்டின் உட்பக்கத்தில் சிறிது தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். கையும் சட்டையும் எட்டவே கூடாது. சத்தம் கூடினால் பெல்ட் தளர்வாக இருந்து வழுக்குகிறது. சத்தம் உடனே அடங்கிச் சிறிது நேரத்தில் திரும்பி வந்தால் புல்லிகள் ஒரே நேரில் இல்லை. அப்போது ஒரு நேரான இரும்புச் சட்டத்தைக் கிராங்க் புல்லியின் முகத்தோடு வைத்து, பற்றரிக்கு மின்சாரம் ஏற்றும் அல்டனேற்றரின் புல்லி வரை பாருங்கள். ரப்பர் விட்ட வளையம் மெல்ல மெல்ல என்ஜின் பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ நகர்ந்திருக்கும்.

பெல்ட் புதிது, இழுவையும் சரி, ஆனாலும் ஓரம் மட்டும் நூல்நூலாகப் பிய்கிறது என்றாலும் இதே காரணத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மணல் ஒழுங்கைகளில் ஓடும் கார்களில் புல்லியின் பள்ளங்களில் நுண்மணல் இறுகி இருப்பதும் உண்டு. பழைய பல் தூரிகையால் எடுத்துவிட்டு மறுபடியும் கேளுங்கள்.

பெல்ட் ஓடும்போதே கழன்றால்

இதில் உடனே தெரிந்திருக்க வேண்டியது ஒன்று. கொரோலா 100, 110 கார்களில் உள்ள 5ஏ என்ஜினில் தண்ணீர்ப் பம்பைச் சுற்றுவது வெளியே உள்ள அதே அல்டனேற்றர் பெல்ட்தான். பெல்ட் போனால் பற்றரி விளக்கு எரிவது சின்னச் செய்தி. என்ஜினில் தண்ணீர் ஓட்டம் நின்றுவிட்டது என்பதே பெரிய செய்தி. வண்டியை ஓரமாக நிறுத்திவிட வேண்டும். ஹொண்டா சிவிக்கின் டி வகை என்ஜினில் தண்ணீர்ப் பம்ப் உள்ளே, வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டால் ஓடுகிறது. அங்கே வெளிப் பெல்ட் போனாலும் சூடு ஏறாது, பற்றரி தாங்கும் வரை மெதுவாகப் போய்ச் சேரலாம்.

கொழும்புக்குப் போகிறவர்கள் இதை இன்னும் கவனமாக நினைக்க வேண்டும். புணானைக்கும் வெலிகந்தைக்கும் இடையில், யானை நடமாடும் பாதையில், மாலை மங்கும் நேரத்தில் பெல்ட் கழன்று நிற்பது யாருக்கும் வேண்டாம். பயணத்துக்கு முதல் நாள் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

அடியில் தட்டும் சத்தம் கேட்டால்

என்ஜின் சும்மா ஓடும்போது தட்டும். வேகம் கூட்டினால் குறையும் அல்லது மறையும். பிரிந்த புல்லியின் சத்தம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ரொட்டின் பெயரிங் போன சத்தமோ சுமையோடும் வேகத்தோடும் கூடுவதே வழக்கம். ஆனால் காதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

குளிர்ந்த என்ஜினில் வெளிப் பெல்ட்டுகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்கு மேற்படாமல் ஓடவிடுங்கள். சத்தம் போய்விட்டால் குற்றம் அல்டனேற்றர், ஏசி, பவர் ஸ்டியரிங் பம்ப் ஆகியவற்றின் பெயரிங்கில் இருக்கலாம். சத்தம் அப்படியே இருந்தால் புல்லி அல்லது என்ஜினின் உட்புறம். இவ்விரண்டையும் பிரித்தறிய ஒவ்வொரு சிலிண்டராகப் பெற்றோல் இன்ஜெக்டரின் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் வேலை நிறுத்தும்போது மட்டும் தட்டல் தெளிவாகக் குறைந்தால் அந்தச் சிலிண்டரின் பெயரிங்கைச் சந்தேகிக்கலாம். எதை நிறுத்தினாலும் தட்டல் மாறாவிட்டால் புல்லியையும், ஓட்டோ கியர் கார் என்றால் பின்பக்கத்தில் கியர்பெட்டியோடு சேரும் மெல்லிய தட்டில் வெடிப்பையும் பார்க்க வேண்டும். என்ஜினை இறக்கச் சொல்லும் எவரிடமும் இந்தச் சோதனை நடந்ததா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

டைமிங் சரி என்கிறார்கள், ஆனால் கார் இழுக்கவில்லை

இதுவே மிகவும் ஏமாற்றும் அறிகுறி. ஆகையால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டைமிங் என்பது பிளக் பொறி தட்டும் நேரம். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய என்ஜின்களில் டைமிங் லைட்டைப் பிடித்து, புல்லியில் உள்ள வெட்டுக் குறி மூடியில் உள்ள அளவுகோலில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். 5ஏ என்ஜினில், சோதனைப் பெட்டியில் உள்ள டீஈ1, ஈ1 முனைகளை இணைத்து, சூடான என்ஜின் சும்மா ஓடும்போது குறி 10 பாகையில், அதாவது பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு 10 பாகை முன்னால், நிற்க வேண்டும். இதுவரை சரி. ஆனால் அந்த வெட்டுக் குறி இருப்பது எங்கே? வெளி வளையத்தில். ரப்பர் விட்டு வளையம் நகர்ந்துவிட்டால் குறியும் கூடவே நகர்ந்துவிடும். அதன்பின் அந்தக் குறியைப் பார்த்துச் செய்யும் திருத்தம் ஒவ்வொன்றும், எவ்வளவு கவனமாகச் செய்தாலும், பிழை.

பெல்ட்டின் இழுவை வளையத்தைப் பின்னுக்கு இழுப்பதால் அது பெரும்பாலும் சுற்றும் திசைக்கு எதிராகவே வழுக்கும். 8 பாகை பின்தங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் 10 பாகையில் சரியாக எரியும் என்ஜின், லைட்டில் 18 பாகை என்று காட்டும். மெக்கானிக் நல்லெண்ணத்தோடு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி 10 ஆக்குவார். இப்போது உண்மையான நிலை 2 பாகை. கார் இழுக்காது, பெற்றோல் குடிக்கும், சூடேறும். மறுபக்கமாக வழுக்கியிருந்தால் டைமிங் அளவுக்கு மீறி முன்னால் போய், என்ஜின் சுமையில் கிணுகிணுக்கும். மட்டக்களப்பின் சமதரையில் அது காதில் விழாமலே போகலாம். செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்கு ஏறும்போதுதான் வெளியே வரும். அப்போதும் பலர் 92 ஒக்டேன் பெற்றோலைத்தான் குறை சொல்வார்கள்.

குறி உண்மை சொல்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகள் நான்கையும் கழற்றுங்கள். என்ஜின் கையால் இலகுவாகச் சுற்றும். புல்லிப் பக்கமாக உள்ள முதலாம் சிலிண்டரின் பிளக் துளையில் நீளமான, வழவழப்பான மரக்குச்சி ஒன்றை நேராக இறக்கிக் கையிலேயே பிடித்திருங்கள். ஈர்க்கு வேண்டாம், உடைந்து உள்ளே விழுந்தால் வேலை பத்து மடங்காகும். கிராங்க் போல்ட்டில் ஸ்பனர் வைத்து, என்ஜின் சுற்றும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். பிஸ்டன் உச்சியைத் தொடும் இடத்தில் சில பாகைகளுக்குக் குச்சி அசைவதே தெரியாது. அதனால் உச்சியைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. குச்சி ஏறிவரும்போது உச்சிக்குச் சற்றுக் கீழே ஓர் உயரத்தில் நிறுத்துங்கள். குச்சியில் அந்த உயரத்தைக் குறியுங்கள். அளவுகோலின் பூச்சியத்துக்கு நேரே புல்லியின் விளிம்பிலும் சோக்குக் கோடு ஒன்று போடுங்கள். பிறகு உச்சியைத் தாண்டித் திருப்பி, குச்சி அதே உயரத்துக்கு இறங்கியதும் நிறுத்தி, பூச்சியத்துக்கு நேரே இரண்டாவது கோடு போடுங்கள். இரு கோடுகளுக்கும் சரி நடுவே உள்ள புள்ளிதான் உண்மையான உச்சி. தொழிற்சாலை போட்ட வெட்டுக் குறி அந்தப் புள்ளியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வளையம் நகர்ந்துவிட்டது. புல்லியை மாற்றும் வரை டிஸ்ட்ரிபியூட்டரைத் தொட வேண்டாம்.

புல்லியின் பின்னால் ஓயில் என்றால்

புல்லிக்குப் பின்னால் கிராங்க் ஓயில் சீல் இருக்கிறது. அது கசிந்தால் ஓயில் பட்டு ரப்பர் ஊறிப் பிதுங்கும். கசிவை விட்டுவிட்டுப் புதிய புல்லி போடுவது பணத்தை அதே ஓயிலில் ஊறப்போடுவதுதான். 5ஏ போன்ற டைமிங் பெல்ட் என்ஜின்களில் இந்த சீலை மாற்ற டைமிங் பெல்ட்டையும் கழற்ற வேண்டும். ஆகவே அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாத காரில் இரண்டையும் ஒரே தடவையில் முடித்துவிடுங்கள். டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் உள்ள என்ஜின்களில் பொதுவாகப் புல்லியின் குடமே சீலுக்குள் சுழலும். அங்கே குடத்தில் விரல் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். விழுந்திருந்தால் புதிய சீலும் நிற்காது.

கழற்றுதல்

எங்கள் வளவுகளில் தரை மணல். ஜாக்கின் கீழே தடித்த பலகை வைக்காமல் தூக்காதீர்கள். தூக்கியதும் தாங்கி வைக்காமல் உள்ளே கை நீட்டாதீர்கள். பின் சில்லுகளுக்குக் கல் வையுங்கள். பற்றரியின் எதிர் (−) முனையைக் கழற்றுங்கள். கொரோலாவில் புல்லி வலப்பக்கம், அதாவது சாரதி பக்கம். ஹொண்டா டி என்ஜினில் இடப்பக்கம். அந்தப் பக்கத்து முன் சில்லையும் பிளாஸ்டிக் மறைப்பையும் எடுத்து, பெல்ட்டுகளைத் தளர்த்தி அகற்றுங்கள்.

நடு போல்ட் இறுகி இருக்கும். கை கியர் கார் என்றால் மேல் கியரில் போட்டு ஒருவர் பிரேக்கை நன்றாக மிதித்திருந்தால் என்ஜின் சுற்றாது. ஓட்டோ கியர் என்றால் அது உதவாது. புல்லியைப் பிடிக்கும் கருவி வேண்டும். ஹொண்டாவில் அதற்கென்றே புல்லியின் நடுவில் அறுகோணக் குழி இருக்கிறது. கொரோலா, ஹொண்டா இரண்டிலும் போல்ட்டின் மரை வழக்கமான மரைதான். கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கழலும்.

நீண்ட கைப்பிடியைப் போல்ட்டில் மாட்டி, மறுமுனையைச் சட்டத்தில் முட்டவைத்து, ஸ்டார்ட்டரைத் தட்டிக் கழற்றும் பழக்கம் பல கராஜ்களில் உண்டு. செய்யாதீர்கள். சொக்கெட் நழுவினால் அந்த இரும்பு எங்கே பறக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. மேலும் ஹொண்டா டி என்ஜின் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுவதால் அங்கே இந்த வித்தை போல்ட்டை இறுக்கவே செய்யும்.

போல்ட் வந்த பின்னும் புல்லி வராவிட்டால் விளிம்பில் நெம்புகோல் வைக்க வேண்டாம். மூன்று கால் இழுப்பானை வெளி வளையத்தில் மாட்டவும் வேண்டாம். வளையம் மட்டும் கையோடு வர, குடம் ஷாஃப்ட்டிலேயே நின்றுவிடும். பல புல்லிகளின் முகத்தில் இரண்டு மரைத்துளைகள் இருக்கும். அவை இழுப்பானுக்காகவே வைக்கப்பட்டவை. அவற்றில் போடும் போல்ட்டுகள் அளவுக்கு மீறி நீளமாக இருந்தால் பின்னால் உள்ள டைமிங் மூடியைக் குத்தும் என்பதைக் கவனியுங்கள். ஷாஃப்ட்டின் உள்மரை கெடாமல் இருக்க, நடு போல்ட்டைச் சில சுற்று மட்டும் திரும்ப ஏற்றிவிட்டு அதன் தலையில் இழுப்பானை ஊன்றுங்கள். துரு பிடித்திருந்தால் துரு நீக்கும் எண்ணெய் தெளித்து ஓர் இரவு விடுங்கள். காஸ் சுவாலை மட்டும் வேண்டாம். பின்னால் இருக்கும் சீல் எரிந்துவிடும்.

எதைப் போடுவது

பாவித்த புல்லி வாங்கினால் அதன் ரப்பரும் உங்கள் காரின் வயதுதான். வெடிப்பு, பிதுக்கம், இரு வளையங்களின் முகங்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். முடிந்தால் புதியதை வாங்குங்கள். பழையதைக் கையில் கொண்டுபோய் பள்ளங்களின் எண்ணிக்கை, விட்டம், குடத்தின் ஆழம் மூன்றையும் ஒப்பிடுங்கள். ஒரே பெயர் கொண்ட காரிலும் என்ஜினுக்கு என்ஜின் புல்லி மாறும்.

பிரிந்த வளையத்தைக் குடத்தோடு வெல்டிங் வைத்துத் தருவதாக யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. வெல்டிங் வைத்ததும் அதிர்வை வாங்க ரப்பர் இல்லை. அத்தனை முறுக்கும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கே திரும்பும். வளையம் நடு விலகி ஒட்டினால் சமநிலையும் போகும். இன்று மிச்சமாகிற பணம் கிராங்க் ஷாஃப்ட்டின் விலையில் ஒரு சிறு பங்குகூட வராது.

திரும்பப் பூட்டுதல்

ஷாஃப்ட்டின் மூக்கையும் புதிய குடத்தின் உட்புறத்தையும் துடைத்துச் சுத்தமாக்குங்கள். சாவியை எடுத்துப் பாருங்கள். ஓரம் நசுங்கியிருந்தால் புதியது போடுங்கள், விலை அற்பம். புல்லி சாவியில் சரியாக அமர்ந்து, கையால் தள்ளியதும் பெருமளவு உள்ளே போக வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள்; அந்த அடி கிராங்க்கின் பக்கத் தாங்கு பெயரிங்கில்தான் விழும்.

போல்ட்டை முறுக்கு அளவி (டோர்க் ரென்ச்) கொண்டு இறுக்குங்கள். 5ஏ என்ஜினுக்கு அளவு 118 நியூட்டன் மீற்றர். மற்ற என்ஜின்களுக்கு அதனதன் கையேட்டில் உள்ளதைப் பின்பற்றுங்கள். ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போடக் கூடாது. சொந்தமாக முறுக்கு அளவி இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள். கைக்கணக்கில் இறுக்கிய போல்ட் தளர்ந்தால் போவது சாவிப்பள்ளம் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

பெல்ட்டை மாட்டி, நீண்ட பகுதியின் நடுவில் பெருவிரலால் பலமாக அழுத்தினால் ஏறத்தாழ 10 மி.மீ. இறங்குகிற அளவுக்கு இழுவை வையுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் தண்ணீர்ப் பம்பின் பெயரிங் கெடும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள கார் என்றால் இப்போது, புதிய புல்லியின் குறியை வைத்து, டைமிங்கைக் கட்டாயம் திரும்பப் பாருங்கள். பழைய குறியை நம்பி யாராவது முன்பு திருப்பியிருந்தால் அந்தப் பிழை இன்னும் உள்ளேயே இருக்கும். புதிய பெல்ட் ஒரு கிழமை ஓடியதும் சற்று நீளும். அப்போது என்ஜின் ஆறிய பிறகு இழுவையை இன்னொரு தடவை சரிசெய்யுங்கள்.